தோர்பெக்கெ ஆடியோ நடை: பேராசிரியருக்காக வாங்கலாம், அமைச்சர் பாதியிலேயே நிற்கிறார்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். லெய்டன் பகுதிக்காக வாங்கலாம். டென் ஹாக் பகுதியில் பாதி நன்றாக இருக்கிறது, பாதி அவசரம். ஆம்ஸ்டர்டாம் பகுதி இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

யோஹான் ருடோல்ஃப் தோர்பெக்கெயின் வாழ்க்கையை நான்கு ஊர்களில் நடந்துகொண்டே கேட்கும் ஆடியோ வழிகாட்டி இது. போனில் இறக்கிக்கொள்ள வேண்டும், ஜிபிஎஸ் நாம் நிற்கிற இடத்தைப் பார்த்து அந்தந்தப் பகுதியை ஓட்டும். ஒரு சினிமா டிக்கெட் விலைதான். தயாரித்தவர்கள் சின்ன நிறுவனம், குறைகள் நிறைய சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. நெதர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள் சிலர் இந்த மாதிரி வரலாற்று நடைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

யார் இந்த தோர்பெக்கெ என்று கேட்டால்: இந்த நாட்டில் மன்னர் இருந்தும் அவர் ஆளுவதில்லையே, அமைச்சர்கள்தானே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறார்கள், நகராட்சி, மாகாணம், மத்திய அரசு என்று மூன்று அடுக்காக நிர்வாகம் நடக்கிறதே, அதற்கெல்லாம் வரைபடம் போட்ட மனிதர். அந்த மூன்றடுக்கை இன்றைக்கும் இங்கே 'தோர்பெக்கெயின் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். 1798இல் ஸ்வோல்லெயில் பிறந்தார், பல வருடம் பேராசிரியராக இருந்தார், மூன்று முறை அமைச்சரவைக்குத் தலைமை தாங்கினார், மூன்றாவது முறை பதவியில் இருக்கும்போதே 1872 ஜூன் 4 அன்று டென் ஹாக்கில் இறந்தார்.

ஸ்வோல்லெ பகுதி சுருக்கமானது, அதில் தப்பில்லை. அவர் பெயரையே வைத்திருக்கும் தோர்பெக்கெக்ராக்ட் கால்வாய் ஓரமாக நடக்க விட்டு, அப்பாவின் புகையிலைத் தொழில் நொடித்துப்போன கதை, ஜெர்மானிய வேர் உள்ள லூத்தரன் குடும்பம், படிப்பில் கெட்டிக்காரப் பையன் மேல் வீட்டாருக்கு இருந்த நம்பிக்கை என்று அளவாகச் சொல்கிறார்கள். கடன் பட்ட வீட்டுப் பிள்ளை படித்துத்தான் மேலே வரவேண்டும் என்ற அந்த அழுத்தம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னணியில் வயலின் இசை மட்டும் தேவையில்லாமல் கூடிக்கொண்டே போகிறது.

அப்புறம் ஆம்ஸ்டர்டாமிலும் லெய்டனிலும் படித்தது, 1820இல் டாக்டர் பட்டம் வாங்கியது. பட்டம் சட்டத்தில் இல்லை, செவ்விலக்கியத்தில். அசினியுஸ் பொல்லியோ என்ற ரோமானியரைப் பற்றிய ஆய்வு. நாட்டின் சட்டக் கட்டமைப்பையே மாற்றப்போகிற ஆள் இலத்தீன் இலக்கியத்திலிருந்து வந்தவர் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் நின்றிருக்கலாம். பழைய நூல் ஒன்றைச் சொல் சொல்லாகப் பிரித்து, இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினான், இதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கிற பயிற்சிதான் பிற்பாடு அரசியல் சாசனத்தைப் படிக்கவும் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம். அதன் பிறகு ஜெர்மனியில் சில வருடங்கள், 1825இல் கெண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. அப்போது பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒரே நாடு. 1830இல் பெல்ஜியப் புரட்சி வந்ததும் கெண்ட் வாழ்க்கை முடிந்துபோனது. 1831இல் லெய்டன்.

லெய்டனில்தான் இந்த வழிகாட்டி உயிர் பெறுகிறது. ராபென்பர்க் கால்வாய் ஓரம் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் ஆரம்பித்து, அவர் குடியிருந்த காரன்மார்க்ட் வரை கூட்டிப்போகிறார்கள். தூரம் அதிகமில்லை, ஆனால் மெதுவாக நடந்து கேளுங்கள், ஏனென்றால் 1839இல் அவர் வெளியிட்ட சாசனக் குறிப்புகளைப் பற்றிய பகுதி இங்கேதான் வருகிறது, இந்த முழு நடையிலும் அதுதான் உச்சம்.

அந்தப் பகுதியை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றால், ஒரு குரல் அன்றைய சாசனத்தின் பிரிவு ஒன்றை வாசிக்கிறது. இன்னொரு குரல், வகுப்பில் பாடம் நடத்துகிற தொனியில், அதை இடைமறித்துக் கேள்வி கேட்கிறது. இந்த அதிகாரம் யாருக்கு, அவர் தவறினால் யாரிடம் போய்க் கேட்பது, இங்கே எழுதியிருப்பதும் நடைமுறையில் நடப்பதும் ஒன்றுதானா? திரும்ப அடுத்த பிரிவு. திரும்பக் கேள்வி. கோபம் கிடையாது, முழக்கம் கிடையாது. கேட்கக் கேட்க அந்த ஆவணம் ஓட்டை ஓட்டையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஒரு பேராசிரியர் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததே அரசாங்கத்துக்கு எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1841 முதல் 1843 வரை விரிவாக வந்த இரண்டாம் பதிப்பில் விளக்கத்தோடு நிற்காமல் மாற்றம் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்த வித்தியாசத்தையும் குரலிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். எழுதியவரும் பேசியவரும் பாராட்டுக்குரியவர்கள்.

அதே லெய்டன் பகுதியில் மனைவி அடெல்ஹைடும் வருகிறார். ஜெர்மானியத் தத்துவவாதி சோல்கரின் மகள். தோர்பெக்கெ ஜெர்மனியில் இருந்த இளமைக் காலத்திலேயே பழகிய குடும்பம், அப்போது அடெல்ஹைட் சின்னக் குழந்தை. 1836இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 38 வயது, அந்தப் பெண்ணுக்கு 19. இன்றைக்குக் கேட்டால் நெளியத்தான் வைக்கும், வழிகாட்டி அதைப் பூசி மெழுகவில்லை, வயதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. ஆனால் அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன, வெளியே விறைப்பாக, யாரிடமும் ஒட்டாதவராகப் பெயர் எடுத்த மனிதர் வீட்டில் எவ்வளவு மென்மையாக இருந்தார் என்பது அவற்றில்தான் தெரிகிறது. 1870இல் அடெல்ஹைட் இறந்துபோனார். அதற்குப் பின் அவர் இருந்தது இரண்டு வருடம்தான், அதிலும் பாதிக்கு மேல் மறுபடி ஆட்சிப் பொறுப்பு. இந்த இடத்தில் இசையை முழுக்க நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு.

காரன்மார்க்டில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். ஜிபிஎஸ் குழம்பி, கடிதப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே முந்தைய பகுதிக்குத் தாவிவிடுகிறது. தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு நீங்களே தட்டிக் கேட்பது நல்லது.

லெய்டனிலிருந்து டென் ஹாக் போகும் ரயிலில் கேட்பதற்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. 1840இல் சாசனத் திருத்தத்துக்காக உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கூட்டிய அவையில் அவர் உறுப்பினராகிறார், 1844இல் இன்னும் எட்டுப் பேரோடு சேர்ந்து முழுத் திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவருகிறார், 'ஒன்பது பேர்' என்று வரலாற்றில் பெயர் வாங்கிய கூட்டம். அடுத்த வருடம் அவையே அதைத் தள்ளிவிடுகிறது. தோற்ற கதை என்பதாலோ என்னவோ வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே பகுதி தீர்ந்துவிடும்.

இனி டென் ஹாக். இங்கேதான் எனக்குப் பிரச்சினையே.

முதல் குறை எளிமையானது. நாடாளுமன்ற வளாகமான பின்னென்ஹாஃப் முற்றத்தின் நடுவில் போய் நில்லுங்கள் என்கிறது குரல். எங்கே நிற்பது? 2021லிருந்து அந்த வளாகம் முழுக்கப் புனரமைப்பு வேலைக்காக மூடியிருக்கிறது, நாடாளுமன்றமே வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. வேலி ஓரமாக நின்றுகொண்டு முற்றத்தின் வர்ணனையைக் கேட்க வேண்டியிருக்கிறது. காசு வாங்கி விற்கிற பொருளில் ஒரு வரியைத் திருத்திப் பதிவு செய்வது பெரிய காரியமா? நீங்கள் போனால் ஹாஃப்ஃபைஃபர் குளத்தின் எதிர்க்கரையில் நின்று கேளுங்கள், கட்டடமும் தெரியும், போக்குவரத்துச் சத்தமும் குறைவு.

இரண்டாவது குறை உள்ளடக்கத்தில். 1848ஐ அவர்கள் ஒரு அற்புதம் மாதிரிச் சொல்கிறார்கள். பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி, ஜெர்மன் நாடுகளில் கொந்தளிப்பு, மன்னர் இரண்டாம் வில்லெம் பயந்துபோகிறார், அதே சமயத்தில் அவருடைய மகன் அலெக்சாண்டர் மதெய்ரா தீவில் இறந்த துக்கம் வேறு. ஒரே நாளில் தீவிரப் பழைமைவாதியாக இருந்த தான் தீவிர தாராளவாதியாகிவிட்டதாக மன்னரே வெளிநாட்டுத் தூதர்களிடம் சொல்கிறார். மார்ச் 17 அன்று தோர்பெக்கெ தலைமையில் ஐந்து பேர் குழு, ஏப்ரல் 11 அன்று புதிய சாசனத்தின் வரைவு தயார். நாடகமாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, முரசும் குதிரைக் குளம்பும் உண்டு. ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை பாருங்கள் என்று வியக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. அந்த வரைவு மார்ச்சில் தொடங்கியதே இல்லை. 1839 குறிப்புகளில் தொடங்கியது, இரண்டாம் பதிப்பில் வளர்ந்தது, 1844 மசோதாவில் உருவம் பெற்றது. மன்னர் பயந்த நாளில் நாட்டில் ஒரே ஒரு மேசையின் இழுப்பறையில் மட்டும் விடை தயாராக இருந்தது என்பதுதான் கதை. லெய்டனில் இவர்களே இவ்வளவு அழகாகக் காட்டியதை டென் ஹாக்கில் இவர்களே மறந்துவிட்டார்கள். வேறு யாரோ எழுதிய பகுதி போல இருக்கிறது.

சாசனத்தின் சாரத்தைச் சொல்லும் இடம் பரவாயில்லை. மன்னர் மீது கை வைக்க முடியாது, அமைச்சர்களே பொறுப்பு. அந்த ஒரு வரியில் ஆட்சி கை மாறிவிட்டது, வரி இன்றும் சாசனத்தில் இருக்கிறது. கீழவைக்கு நேரடித் தேர்தல், மசோதாவைத் திருத்தும் உரிமை, விசாரணை நடத்தும் உரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை. 1848 நவம்பர் 3 அன்று பிரகடனம். வரைந்து கொடுத்த மனிதரை உடனே அமைச்சராக்கவில்லை என்பதையும் சொல்கிறார்கள். அவரோடு ஒத்துப்போவது கஷ்டம் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

ஆனால் "மக்களாட்சி பிறந்தது" என்று குரல் உயர்த்துகிறபோது ஒரு எண்ணையாவது சொல்லியிருக்க வேண்டும். சுமார் முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் வாக்குரிமை பெற்றவர்கள் எண்பதாயிரம் பேர் அளவில்தான். குறிப்பிட்ட தொகை நேரடி வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும் ஓட்டு, ஊருக்கு ஊர் 20 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) முதல் 160 கில்டர் வரை மாறும் அளவுகோல். எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வர 1917 ஆனது, பெண்களுக்கு 1919. அந்த 1917 திருத்தத்தை நடத்திக் காட்டிய பிரதமர் கோர்ட் ஃபான் டெர் லிண்டனும் சட்டப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்தான். தோர்பெக்கெ தொடங்கிய வேலையை இன்னொரு பேராசிரியர் முடித்தார் என்று ஒரு கோடு இழுத்திருந்தால் கேட்பவர்களுக்கு எழுபது வருட வரலாறு ஒரே மூச்சில் கிடைத்திருக்கும்.

இப்போது என் பெரிய மனத்தாங்கலுக்கு வருகிறேன். 1849 நவம்பரில் அவர் உள்துறை அமைச்சராகி ஆட்சியின் தலைமைக்கு வருகிறார். உங்கள் திட்டம் என்ன என்று அவையில் கேட்டபோது 'எங்கள் செயல்களுக்காகக் காத்திருங்கள்' என்று சொன்ன புகழ்பெற்ற பதில் வருகிறது, நடிகர் அதை அருமையாகச் சொல்கிறார். சரி, அந்தச் செயல்கள் என்ன? 1850இல் தேர்தல் சட்டம், அதே வருடம் மாகாணச் சட்டம், 1851இல் நகராட்சிச் சட்டம். இந்த மூன்றுக்கும் சேர்த்து வழிகாட்டி கொடுத்திருக்கும் நேரம், ஒரு தெருவைக் கடக்கிற நேரம். மன்னர் ஒரே நாளில் மனம் மாறிய கதைக்கு அத்தனை முரசு அடித்தவர்கள் இதை "அப்புறம் பல சட்டங்களும் வந்தன" என்கிற மாதிரிக் கடந்துவிட்டார்கள்.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. சாசனத்தில் நல்ல வரி எழுதுவது ஒரு வேலை, அந்த வரி ஒரு கிராமத்து அலுவலகத்தில் நடக்கும்படி செய்வது இன்னொரு வேலை, இரண்டையும் ஒரே ஆள் செய்து முடிப்பது ரொம்ப அபூர்வம். 1851 சட்டத்துக்கு முன்னால் நகரத்துக்கு ஒரு விதி, நாட்டுப்புறத்துக்கு ஒரு விதி. அவர் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்: பெரிய நகரமோ குட்டி ஊரோ, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு, அதன் கூட்டம் பொதுமக்கள் பார்க்க நடக்கும், தன் சொந்த விவகாரத்தைத் தானே முடிவு செய்யும், மேலே இருப்பவர்கள் கண்காணிப்பார்கள். அன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகள். இணைத்து இணைத்து 2023 முதல் 342 என்று ஆகியிருக்கிறது, மாகாணங்கள் 12. அடுக்கு மட்டும் அவர் போட்டதுதான்.

இங்கே வந்து குடியேறியவர்களுக்கு இந்தப் பகுதிதான் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், டச்சுக் குடியுரிமை இல்லாவிட்டாலும், ஐந்து வருடம் சட்டப்படி வசித்திருந்தால் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1986 தேர்தலில் நடைமுறைக்கு வந்த உரிமை, ஆகவே இதை தோர்பெக்கெ கணக்கில் எழுத முடியாது. ஆனால் தனக்கென்று மன்றமும் அதிகாரமும் உள்ள ஒரு நகராட்சி இருந்ததால்தான் அதில் மட்டும் வாக்குரிமை என்று கொடுக்க ஒரு இடம் இருந்தது. முதல் தடவை எனக்குத் தபாலில் வாக்காளர் அட்டை வந்தபோது தவறுதலாக அனுப்பிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வாக்குச்சாவடி, மேசை விரிப்பு அளவுக்குப் பெரிய தாள், ஒரு சிவப்பு பென்சில், ஒரு வட்டத்தைச் சிவப்பாக நிரப்பிவிட்டு மடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்துத் தடுப்பில் எங்கள் தெருவில் காய்கறிக் கடை வைத்திருப்பவரும் அதே பென்சிலோடு நின்றிருந்தார். இந்த நடையை வாங்குகிற வெளிநாட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியும்? ஆங்கிலப் பதிப்பு என்று தனியாகப் போட்டு விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பிடிக்கவே இல்லை.

1853 பகுதி நன்றாக இருக்கிறது. போப் ஒன்பதாம் பயஸ் நெதர்லாந்தில் கத்தோலிக்க ஆயர் அமைப்பை மறுபடி நிறுவுகிறார். புராட்டஸ்டண்ட் பக்கம் கொந்தளிக்கிறது, ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள். தோர்பெக்கெ கத்தோலிக்கர் இல்லை, அவருக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை. ஆனால் திருச்சபைகள் தங்களை அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் சாசனத்தில் இருக்கிறது, எழுதியதும் அவர், அதனால் அரசு தலையிட முடியாது என்று நின்றார். மூன்றாம் வில்லெம் மன்னருக்கு ஏற்கெனவே இவரைக் கண்டால் ஆகாது, மனுக் கொடுக்க வந்தவர்களிடம் அனுதாபம் காட்டினார், அமைச்சரவை பதவி விலகியது. எழுதிய விதிக்காகப் பதவியைவிட்டு இறங்கியதை மிகைப்படுத்தாமல் சொல்கிறார்கள். அடுத்த ஒன்பது வருடம் அவர் அவையில் வெறும் உறுப்பினர்.

1862இல் திரும்பி வந்தபின் செய்தவை மறுபடி ஓட்டம். 1863 இடைநிலைக் கல்விச் சட்டத்தில் ஹெச்பிஎஸ் என்ற புதிய வகை இடைநிலைப் பள்ளிகள் பிறந்தன. இலத்தீன், கிரேக்கம் படிக்காத பிள்ளைகளுக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல், நவீன மொழிகள். செவ்விலக்கியத்தில் பட்டம் வாங்கிய ஒருவர் கொண்டுவந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஃபான்ட் ஹாஃப், லோரென்ட்ஸ், ஜீமான், கமர்லிங் ஒன்னெஸ், நாலு விஞ்ஞானிகளுமே இந்தப் பள்ளிகளில் படித்துப் பிற்பாடு நோபல் வாங்கியவர்கள். வழிகாட்டியில் ஒரே வாக்கியம்! அதே வருடம்தான் ரோட்டர்டாமைக் கடலோடு இணைத்த புதிய நீர்வழிக்கும் ஆம்ஸ்டர்டாமின் வடகடல் கால்வாய்க்கும் சட்டம் வந்தது. அதற்கும் ஒரே வாக்கியம். ஆனால் கலை அரசின் வேலை இல்லை என்று அவர் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் பேச்சுக்கு மட்டும் ஒரு முழுப் பகுதி. அதிலாவது, கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அரசுக்குத் தகுதியோ அதிகாரமோ இல்லை என்ற அளவில்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பின்பாதியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அது நியாயம்.

பெரிய மௌனம் ஒன்று இருக்கிறது: காலனிகள். இது இல்லாமல் இந்த வாழ்க்கையைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜாவாவில் விவசாயிகளைக் காபியும் கரும்பும் பயிரிட வைத்து எடுத்த உபரிப் பணம் அந்தக் காலத்து டச்சுக் கருவூலத்துக்குள் வந்துகொண்டே இருந்தது. ரயில் பாதைகளுக்கு அந்தப் பணமும் போனது. 1863 ஜூலை 1 அன்று சுரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் அடிமை முறை ஒழிந்தது, சட்டம் நிறைவேறியது அவர் தலைமை தாங்கிய அமைச்சரவையின் காலத்தில். சுரினாமில் ஒரு அடிமைக்கு 300 கில்டர் என்று இழப்பீடு கொடுத்தார்கள், யாருக்கு? உரிமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு எதுவும் இல்லை, மேற்கொண்டு பத்து வருடம் அரசு மேற்பார்வையில் ஒப்பந்த வேலை. 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரே இந்த வரலாற்றுக்கு மன்னிப்புக் கேட்டார். 1866இல் தோர்பெக்கெயின் இரண்டாம் ஆட்சி முடிந்ததே டச்சுக் கிழக்கிந்தியக் காலனிக்கான (இன்றைய இந்தோனேசியா) தண்டனைச் சட்டத்தை எந்த வழியில் கொண்டுவருவது என்ற தகராறில்தான். அவ்வளவு நெருக்கமான விஷயத்தை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எப்படி ஒரு வாழ்க்கையை முடிக்க முடிந்தது? உரிமைகளை இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஒருவரின் கண் எங்கே நின்றுவிட்டது என்று காட்டினால் அவர் சிறுத்துப்போக மாட்டார், கேட்பவர்களுக்குத்தான் முழு மனிதர் கிடைப்பார்.

டென் ஹாக்கின் கடைசிப் பகுதி அலெட்டா யாகோப்ஸ். இதைத் தவறவிடாதீர்கள். 1871, சாப்பமேர் என்ற சிற்றூரில் பதினேழு வயதுப் பெண், மருத்துவம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும் என்று நேரடியாக அமைச்சருக்கே கடிதம் எழுதுகிறாள். அவர் பதில் எழுதியது அப்பாவுக்கு, பெண்ணுக்கு இல்லை, காலம் அப்படி. ஆனால் அனுமதி கொடுத்தார், முதலில் ஒரு வருடம் சோதனையாக. தேர்வு எழுதவும் தொடரவும் அனுமதித்த உத்தரவு 1872 மே 30 தேதியிட்டது, ஐந்து நாள் கழித்து அவர் இறந்துபோனார். 1879இல் அந்தப் பெண் டாக்டர் பட்டம் வாங்கினார், பின்னாளில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் முகமானார். கடிதத்தைப் படிக்கும் சிறுமியின் குரலில் கெஞ்சல் துளிகூட இல்லை, கணக்குக் கேட்பது போல நிமிர்ந்து பேசுகிறது. அந்தக் குரலுக்காகவே இரண்டு தடவை கேட்டேன்.

ஆம்ஸ்டர்டாம்: தோர்பெக்கெபிளெய்னில் 1876இல் வைத்த சிலை. செதுக்கியவர் ஃபெர்டினாண்ட் லேன்ஹாஃப், ஓவியர் மனேயின் மைத்துனர். இந்தத் தகவலைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. சுற்றிலும் இருக்கிற கடை, பார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் அந்தச் சதுக்கத்தில் இருக்கும் சத்தத்தில் அதுவும் காதில் விழாது. டென் ஹாக்கில் அவருக்கு நினைவுச் சின்னம் 2017இல்தான் வந்தது, ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழுந்திருக்க வேண்டும், எழவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். டச்சுப் பதிப்பின் நடிகர்கள் ஆங்கிலப் பதிப்பைவிட எவ்வளவோ மேல், ஓரளவு டச்சு புரிந்தாலே அதை எடுங்கள், உரை வடிவமும் திரையில் ஓடுகிறது, மொழித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது நல்ல பயிற்சி. வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், ஜிபிஎஸ் பேட்டரியைத் தின்றுவிடும். நான்கு ஊரையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், லெய்டனும் டென் ஹாக்கும் ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு போனால் அலெட்டா பகுதியை முதலில் கேட்க வையுங்கள், சாசனப் பகுதியில் சலித்துப்போகும்.

நகராட்சிச் சட்டத்துக்கும் காலனிகளுக்கும் புதிதாக இரண்டு பகுதிகள் சேர்க்கச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. சேர்த்தால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். இப்போதைக்கு மூன்றரை, அதில் இரண்டு லெய்டனுக்கு மட்டும்.